வெள்ளம் வருமுன் நம் வீட்டில்
(தாராவிக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2005 ஜூலை 26-ஐ நாம் மறக்க முடியாது. ஒரே நாளில் சாந்தாகுருசில் 94 சென்டிமீட்டர் மழை; கொலாபாவிலோ சுமார் 7 சென்டிமீட்டர்தான். கடல் ஏற்றமும் சேர்ந்ததால் தண்ணீர் வடியவில்லை. மித்தி ஆறு கரை மீறியது. ரயில்கள் நின்றன. நகரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

வெள்ளம் பாத்திரம் பண்டத்தை மட்டுமா கொண்டுபோகும்? ரேஷன் கார்டையும் கொண்டுபோகும். 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று காட்டுபவருக்கே இலவச மாற்றுவீடு என்பது இங்குள்ள விதி. பழைய ரசீது நனைந்து கூழானால் அந்த உரிமையும் ஆட்டம் காணும். பட்டா இல்லாத நமக்கு இந்தக் காகிதங்களே பட்டா!

ஆகவே ஜூன் பிறக்குமுன் சான்றுகளை இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பரணில் வைப்போம். ஒரு நகல் ஊரிலுள்ள உறவினரிடம் இருக்கட்டும். டார்ச், தீப்பெட்டி, அவல், பொரிகடலை, அன்றாட மாத்திரை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். குடிநீரையும் மூடி வைப்போம். தண்ணீர் வாசற்படி ஏறுமுன் மெயின் சுவிட்சை அணைப்போம். பெரிய கடலேற்ற நாட்களின் பட்டியலை மாநகராட்சி வெளியிடுகிறது. அதைச் சுவரில் ஒட்டுவோம். அதன் அவசர எண் 1916. வெள்ளத்தில் நடந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கடை மாத்திரையோடு நில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் பையை நாம் கட்டுவோம். சாக்கடையைத் தூர்வாருவது மாநகராட்சியின் கடமை. வார்டு ஆபீசுக்குத் தனித்தனியாகப் போனால் விரட்டுவார்கள், சங்கமாகப் போவோம். நாம் கேட்பது பிச்சையல்ல, உரிமை!