வரவேண்டிய பாக்கி

 

நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்து பேசிவிட்டுப் போவது வழக்கம். நாம் இன்று நினைவுகூரும் தோழர் புகழ்ச்சியை விரும்பாதவர். ஆகவே அவர் கடைசிவரை மனு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். ரேஷன் அரிசி, உதவித்தொகை, ஓய்வூதியம், பள்ளிச் சோறு. ‘இலவசம்’ என்ற ஒரே சொல்லால் இவற்றையெல்லாம் மட்டம் தட்டுகிறார்களே, அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

பெரம்பூரில் பேசுகிறோம், பெரம்பூரிலிருந்தே தொடங்குவோம். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த வட்டாரத்தில்தான். மூன்று ஆண்டு கழித்து, 1921-ல், பின்னி ஆலை வேலைநிறுத்தம் சாதிவழியே இரண்டாக உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. வீடிழந்த நம் மக்களை அரசு வியாசர்பாடியில் முகாம் போட்டுத் தங்கவைத்தது. அந்த வேலைநிறுத்தத்தில் யார் பக்கம் நியாயம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இப்போது அதற்குள் நான் போகவில்லை. அந்த நாட்களில் எழுந்த ஒரு குற்றச்சாட்டை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். புளியந்தோப்பு இந்த நிலைக்கு வந்ததற்கு, தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆதிதிராவிடர்களுக்கு அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்ததும் ஒரு காரணம் என்று நீதிக்கட்சியின் ‘ஜஸ்டிஸ்’ ஏடு எழுதியது.

அந்தத் துறை கொடுத்த செல்லம் என்ன? குடியிருக்க மனை. குடிக்கக் கிணறு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். கடன் வாங்கக் கூட்டுறவுச் சங்கம். இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் வேர் அந்தத் துறைதான். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்கள், தனிக் கிணறு வெட்டிக் கொடுத்தால் அதைச் செல்லம் என்றார்கள்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1920-ல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயர்தான் நீதிக்கட்சிக்கும் தலைவர். பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டால் பள்ளிக்கு வரும் என்று இந்தியாவிலேயே முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர். அந்தப் பெருமையை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வளவு தெரிந்த இயக்கத்தின் ஏட்டுக்கே, சேரிக்குப் போகும் உதவி மட்டும் கண்ணை உறுத்தியது. இப்படி, கொடுப்பது என்ன என்பதைவிட வாங்குவது யார் என்பதைப் பார்த்துத்தான் அதற்குப் பெயர் வைக்கிறார்கள்.

நூறு ஆண்டில் சொல் மட்டும் மாறியிருக்கிறது. 2022 ஜூலையில், உத்தரப் பிரதேசத்தில் ஒரு விரைவுச்சாலையைத் திறந்துவைத்த பிரதமர், இதை ‘ரேவடி’ கலாசாரம் என்றார். ரேவடி என்றால் எள்ளு மிட்டாய். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2019 செப்டம்பரில், நிறுவனங்களின் வருமான வரியை ஒன்றிய அரசு 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே கணக்குச் சொன்னது. அதை யாரும் மிட்டாய் என்று சொல்லவில்லை. ஊக்கம் என்றார்கள்.

‘எங்கள் வரிப்பணம்’ என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. வியாசர்பாடியில் ஒரு அம்மா போனுக்கு ரீசார்ஜ் செய்தால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கட்டுகிறார். சமையல் எண்ணெய்க்கும் கட்டுகிறார். அவரிடம் ரசீது இல்லை, அவ்வளவுதான். வரி கட்டாத ஏழை என்று இந்த நாட்டில் யாரும் கிடையாது. வரிக்கும் முன்னால், கூலி தராமல் வாங்கிய உழைப்பும், பறித்துக்கொண்ட பஞ்சமி நிலமும் இருக்கின்றன. ஆகவே நலத்திட்டம் என்று நமக்கு வருவது தானம் அல்ல, வரவேண்டிய பாக்கியில் ஒரு சிறு தவணை.

இது உணர்ச்சிப் பேச்சு அல்ல, சட்டத்திலும் இடம் இருக்கிறது. வேலையின்மை, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய நிலைகளில் குடிமக்கள் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வகை செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு. மக்களின் ஊட்டச்சத்தை உயர்த்துவது அரசின் தலையாய கடமைகளில் ஒன்று என்கிறது 47ஆம் பிரிவு. நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குப் போட முடியாத நெறிமுறைகள்தான் இவை. ஆனாலும் 2001-ல் தொடங்கிய உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. 2004-ல், சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொன்னது. அந்த உத்தரவு வந்து 14 ஆண்டு கழித்து, 2018-ல், அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஊரார் தடுத்தார்கள். அரிசியும் பருப்பும் அரசு கொடுத்துவிடலாம். அடுப்படியில் யார் நிற்பது என்பதற்கு நாம்தான் போராட வேண்டியிருக்கிறது.

அடுத்து, யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி. ‘உண்மையான ஏழைக்கு மட்டும் கொடுங்கள்’ என்பது காதுக்கு நியாயமாகத்தான் கேட்கும். 1997-ல் ஒன்றிய அரசு அந்த வழியில் போய், ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தது. தமிழ்நாடு பிரிக்கவில்லை. எல்லாருக்கும் ரேஷன் என்ற முறையை வைத்துக்கொண்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வந்தது. தமிழ்நாடு 2016 நவம்பரில்தான் அதில் சேர்ந்தது. அந்தச் சட்டம் தமிழ்நாட்டு நகர மக்களில் 37.79 விழுக்காட்டினருக்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. அதுவும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து. மாநில அரசு தன் பணத்தைப் போட்டு மற்றவர்களுக்கும் அரிசி கொடுக்காமல் இருந்தால், பெரம்பூரில் ஒரு தெருவில் நூறு பேர் இருந்தால் அறுபது பேர் வரிசைக்கு வெளியே நிற்பார்கள். அந்த அறுபதில் நம் ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வடிகட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வெளி மாநிலத்து உதாரணம் ஒன்று. 2017-ல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதாரோடு இணைக்கவில்லை என்று ரேஷன் அட்டை நீக்கப்பட்ட குடும்பத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். சோறு கேட்டுக்கொண்டே இறந்தாள் என்றார் தாய். மலேரியா என்றது அரசு. அட்டை நீக்கப்பட்டிருந்தது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

நம் மாநிலத்திலும் வடிகட்டல் உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை நல்ல திட்டம். ‘உரிமை’ என்று பெயரிலேயே வைத்தது அதைவிட நல்லது. ஆனால் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட் என்று வரம்புகள் வைத்தார்கள். விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 63 லட்சம் பேர். முதல் கட்டத்தில் தேர்வானவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர். விடுபட்ட ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் வசதியானவர்கள் எத்தனை, ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருந்தவர்கள் எத்தனை, ஆவணம் இல்லாதவர்கள் எத்தனை? ஒரு வசதியானவர் ஆயிரம் ரூபாய் வாங்கிவிட்டால் அரசுக்கு ஆயிரம் ரூபாய் நட்டம். ஒரு ஏழை விடுபட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டு தவறும் ஒன்றல்ல. அதனால்தான் வரம்பே வேண்டாம், எல்லாருக்கும் கொடுங்கள் என்கிறோம்.

இனி நமக்குள்ளே பேச வேண்டிய கடினமான விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் 1 முதல், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் கட்டடத்தின் முன் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் சமூகத்தார். திரு.வி.க. நகர் நாம் இப்போது இருக்கும் மண்டலம். சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நடத்திய தலைவரின் பெயரைத் தாங்கிய மண்டலம். குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களைப் பணி நிரந்தரம் செய் என்பது அவர்கள் கோரிக்கை. ஒப்பந்த நிறுவனத்துக்குப் போனால் கையில் வாங்கும் சம்பளம் பல ஆயிரம் ரூபாய் குறையும் என்று சொன்னார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு, 10 லட்சம் ரூபாய் காப்பீடு, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, வீடு என்று அறிவித்தது.

இவற்றில் எதையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விடியும் முன் வேலைக்கு வருகிறவருக்குக் காலைச் சோறு தேவைதான். ஆனால் அவர்கள் கேட்டது இட்லி இல்லையே! நலத்திட்டம் கூலிக்கு மேலே வர வேண்டும், கூலிக்குப் பதிலாக வரக் கூடாது. வேலையின் உரிமையை எடுத்துக்கொண்டு தட்டில் உணவு வைத்தால், பாக்கியைத் தராமல் வட்டியில் கொஞ்சம் கொடுத்து அனுப்புவதாகும். ‘இலவசம்’ என்று கேலி பேசுகிறவரையும் நாம் எதிர்க்க வேண்டும், ‘அதான் இவ்வளவு கொடுத்தோமே’ என்று வாயை அடைக்கிறவரையும் எதிர்க்க வேண்டும்.

மாணவர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சமூகத் தணிக்கைக்கு இடம் இருக்கிறது. மாவட்டக் குறைதீர் அலுவலர் உண்டு, மாநில உணவு ஆணையம் உண்டு. உங்கள் தெரு ரேஷன் கடையில் யாருக்குக் கைரேகை விழவில்லை, யார் எத்தனை முறை திரும்பிப் போனார் என்று ஒரு மாதம் குறிப்பெடுங்கள். சிமெண்ட் கலந்து ரேகை தேய்ந்த விரலை ‘பதியவில்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அதை எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பம் தள்ளுபடியானவர்களைக் கண்டுபிடித்து மேல்முறையீடு போட வையுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. நம் பெயரில் ஒதுக்கும் பணம் எந்தத் துறையில், எந்தத் திட்டத்தில் செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கேள்வியைச் சுருக்கமாக எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், முப்பதாம் நாள் மறக்காமல் முதல் மேல்முறையீட்டுக்குத் தயாராகுங்கள்.

இன்னொன்று. மனு எழுதித் தரும்போது, ‘தயவுகூர்ந்து கருணை காட்டுமாறு’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எழுதச் சொல்வார்கள். அது அவர்கள் பிழை அல்ல, அப்படித்தான் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். நீங்கள் அந்த வரியை எடுத்துவிட்டு, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை மாதப் பாக்கி என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடும் முன் அவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

ஜெய் பீம்.