முத்தநாதனின் புத்தகக் கட்டு

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரை)



பெரியபுராணத்திலே வரும் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை ஒருநாள் வகுப்பிலே சொல்லிக்கொண்டிருந்தேன். திருக்கோவலூர் மன்னராகிய மெய்ப்பொருளாரைப் போர்க்களத்திலே வெல்ல முடியாத முத்தநாதன், மேனி முழுவதும் திருநீறு பூசி, சடைமுடி தாங்கி, புத்தகக் கட்டினுள்ளே கொலைக் கருவியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்கு வருகிறான். வாயில்தோறும் காவலர் வழிவிடுகின்றனர். பள்ளியறை வாயிலில் நிற்கும் தத்தன் மாத்திரம் மன்னர் துயில்கிறார் என்று தடுக்கிறான். ஆகமப் பொருள் உரைக்க வந்தேன் என்று சொல்லி அவனையும் கடந்து உள்ளே போய்விடுகிறான் முத்தநாதன்.

இந்த இடத்தில், பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சேர், தத்தன் ஏன் அந்தப் புத்தகக் கட்ட அவிழ்த்துப் பாக்கல்ல?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவில், கோமாரி வழியாகப் பொத்துவிலுக்குப் போகும் பாதையிலே, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வளர்ந்தவர்கள் நாங்கள். பையை அவிழ்த்துக் காட்டுவது எங்கள் தலைமுறைக்குச் சோறு உண்பதைப்போலப் பழகிய காரியம். அந்த மாணவனின் கேள்வி, சட்டம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வியுமாகும். ஒருவன் தன்னிடம் ஒரு கத்தியை மறைத்து வைத்திருந்தால், அது குற்றமா? அதைத் தேடிப் பார்க்க மற்றவனுக்கு உரிமை உண்டா?

வள்ளுவர் கூடாநட்பு அதிகாரத்திலே, பகைவர் நம்மைத் தொழுகின்ற கையினுள்ளும் படைக்கலம் ஒடுங்கியிருக்கும் என்று எச்சரிக்கிறார். அவர் கும்பிடுவதைத் தடைசெய்யச் சொல்லவில்லை. கும்பிடுபவன் யார் என்று அறியச் சொல்கிறார். சட்டத்தின் சங்கடமும் இதுவே. கத்தியைக் கண்ணால் காணலாம். கருத்தைக் காண்பது எப்படி?

நமது நாட்டின் தண்டனைச் சட்டக் கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. கருவிகொண்டு காயம் விளைவிப்பதைக் கூறும் அதன் 315ஆம் பிரிவு, சுடுவதற்கும் குத்துவதற்கும் வெட்டுவதற்குமான கருவிகளைச் சொல்லிவிட்டு, ஆயுதமாகப் பயன்படுத்தினால் மரணம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியையும் சேர்த்துக்கொள்கிறது. வாள் என்று பிறந்ததுதான் ஆயுதம் என்பதில்லை. கை எப்படிப் பிடிக்கிறதோ அப்படியே கருவி மாறிவிடுகிறது. வயலிலே கதிர் அறுக்கும் தாக்கத்தி, சந்தியிலே சண்டைக்கு ஓங்கப்பட்டால் ஆயுதம்.

இந்தியாவிலே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் 1962இல் செய்யப்பட்ட விதிகள் இதனை அளவுகோல் கொண்டு பார்த்தன. 9 அங்குலத்திலும் நீண்ட அல்லது 2 அங்குலத்திலும் அகன்ற அலகுடைய கத்திகள் ஆயுதப் பட்டியலில் வைக்கப்பட்டன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் விஞ்ஞானத்துக்கும் எனச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்களிக்கப்பட்டது. கைத்தடிக்குள் வாளை ஒளிக்கும் வகையும் அப்பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தது. முத்தநாதனின் உறவினர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றனர்!

நம்மவர் பலர் வாழும் இங்கிலாந்திலே, 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைத் தவிர, கூரான எதனையும் பொது இடத்தில் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. தக்க காரணம் இருந்தால் அது குற்றமாகாது. ஆனால் காரணத்தை நிறுவ வேண்டியவர் வைத்திருப்பவரே. தொழில், சமயம், தேசிய உடை என்பனவற்றை அச்சட்டமே காரணங்களாக ஏற்கிறது. எங்கள் ஊரிலே வெட்டுக்கத்தியை இடுப்பில் செருகிச் சேனைக்குப் போகிறவரை ஒருவரும் திரும்பிப் பாரார். அவரே இலண்டன் தெருவில் அப்படி நடந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். கத்தி மாறவில்லை, இடம் மாறிவிட்டது.

சமயத்தின் பொருட்டுக் கத்தி தரிப்போரும் உளர். சீக்கியர் கிர்பான் அணிவது அவர்தம் சமய ஒழுக்கத்தில் அடங்கும் என்று இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரை விளக்கமாகவே கூறுகிறது. கனடாவில் ஒரு சீக்கிய மாணவன் கிர்பானுடன் பாடசாலைக்கு வரலாமா என்ற வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று. முற்றாகத் தடைசெய்தல் சமய சுதந்திரத்தை மீறுவதாகும் என்று 2006இல் தீர்ப்பாயிற்று. அந்த மாணவனுக்கு முன்னர் விதிக்கப்பட்டிருந்த நிபந்தனை என்ன தெரியுமா? கிர்பான் உறையிலிட்டுத் துணியால் பொதிந்து தைக்கப்பட்டு, உடைக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பதே. அதாவது, அங்கே கத்தி மறைந்திருப்பதே பாதுகாப்பு! மறைத்தல் என்ற செயல் தன்னளவில் தீயதன்று என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமா?

நேயர்களே, இனி நம் ஊருக்கு வருவோம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலையும், அதற்கு ஐந்து நாட்களின்பின் சாய்ந்தமருதிலே கேட்ட வெடிச் சத்தத்தையும் இக்கரையோரம் மறக்கவில்லை. மே மாதத் தொடக்கத்திலே, வாள்களையும் கூரிய ஆயுதங்களையும் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்குமாறு பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அன்றாட வேலைக்கான கத்திகள் அதில் அடங்கா என்றும் சொல்லப்பட்டது. ஆயினும் அச்சம் விதிவிலக்குகளை வாசிப்பதில்லை. கல்முனைப் பக்கத்து ஆசிரிய நண்பர் ஒருவர் தொலைபேசியில் என்னைக் கேட்டார்: "தேங்கா வெட்டுற கத்தியும் குடுக்கணுமா சேர்? உம்மா கேக்கிறா." அவருடைய குரலிலே பகடி இருந்தது, அதற்குக் கீழே நடுக்கமும் இருந்தது. குசினிக் கத்திக்குக் காரணம் தேட வேண்டிய நிலை ஒரு தாய்க்கு வந்ததே என்று அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆனால் அடுத்த சில நாட்களில் நான் செய்தது என்ன? பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது வாயிலிலே பைகளைச் சோதித்தோம். என் முறை வந்த ஒரு காலையில், ஒரு சிறுவனின் பைக்குள் பத்திரிகைத் தாளில் சுற்றிய கத்தியொன்று அகப்பட்டது. எல்லோர் முன்னிலையிலும் அதை உயர்த்திப் பிடித்து, "இது என்ன?" என்று சத்தமிட்டேன். அவன் தலை குனிந்து சொன்னான்: "அப்பாட கத்தி சேர். பள்ளி விட்டு நேர கரைக்குப் போகணும். வலைக் கயிறு அறுக்கிறதுக்கு."

அவன் சொன்னது உண்மை. தந்தையார் வந்து சொல்லிக் கத்தியைப் பெற்றுச் சென்றார். சிறுவனோ ஒரு வாரம் பாடசாலைக்கு வரவில்லை. அந்தப் பையைச் சோதித்தது பிழையென்று இன்றும் நான் சொல்லமாட்டேன். அன்றைய நிலையில் அது வேண்டியிருந்தது. காரணம் கேட்கும் முன்பே குற்றவாளியாக்கியதுதான் என் பிழை. சட்டம்கூடத் தக்க காரணம் உண்டா என்று கேட்கிறது. நான் கேட்ட கேள்வியிலே விடைக்கு இடமிருக்கவில்லை.

இந்நாட்டின் வரலாற்றிலும் முத்தநாதன் கதை ஒருமுறை நடந்தது. 1959 செப்டெம்பர் 25ஆம் நாள், பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, தம் இல்லத்தில் காவியுடை தரித்த ஒருவரை வணங்கி வரவேற்றார். காவிக்குள்ளே இருந்தது கத்தியன்று, கைத்துப்பாக்கி. சுடப்பட்ட பிரதமர், தம்மைச் சுட்டவரிடம் இரக்கம் காட்டுமாறும் பழிவாங்க வேண்டாமென்றும் வைத்தியசாலையிலிருந்து கேட்டுக்கொண்டு, மறுநாள் மறைந்தார். 1956இன் மொழிச் சட்டத்தை மறக்க முடியாத தமிழர்களும், அந்த இறுதி வேண்டுகோளின் பெருமையை மறுக்க வேண்டியதில்லை.

இப்போது தத்தனிடம் திரும்புவோம். கத்தி பாய்ந்ததும் தத்தன் வாளை உருவுகிறான். சாயும் மன்னரோ அவனைத் தடுத்து, இவர் நம்மவர் என்கிறார். ஊரார் கொதித்தெழுந்து சூழ, கொலைகாரனை இடையூறின்றி எல்லைவரை கொண்டுபோய் விட்டுவரும் பணி தத்தனுக்கே கிடைக்கிறது. அச்செய்தியைக் கேட்ட பின்னரே மெய்ப்பொருளார் அமைதி கொள்கிறார். மன்னர் அன்று காத்தது திருவேடத்தின் மதிப்பை. ஒரு முத்தநாதன் செய்த வஞ்சத்துக்காக, நாளை திருநீறு பூசி வரும் அடியார் எவரும் வாயிலில் வதைபடக்கூடாது அல்லவா?

என் மாணவனுக்கு நான் சொன்ன விடையும் இதுவே: "தம்பி, தத்தன் கட்டை அவிழ்த்துப் பார்த்திருக்கலாம். அது காவலன் கடமை. ஆனால் ஒரு கட்டிலே கத்தி இருந்தது என்பதற்காக, புத்தகம் கொண்டு வருகிற எல்லோரையும் முத்தநாதன் என்று எண்ணத் தொடங்கினால், மெய்ப்பொருளார் இரண்டாம் முறையும் இறந்துபோவார்."

அவன் சிறிது யோசித்துவிட்டு, "அப்ப பாக்கத்தான் வேணும், ஆனா ஏசப்படாது. அப்படித்தானே சேர்?" என்றான்.

அப்படித்தான். நான் ஒரு வாரம் கழித்துக் கற்ற பாடத்தை அவன் ஒரு நிமிடத்திலே கற்றுவிட்டான்.