ஈசலும் வியட்நாம் புழுவும்

(கோவையில் நடந்த தலித் பண்பாட்டு அரங்கொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உணவும் தீட்டும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாங்கில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் கிளையில் ஓர் அதிகாரி குடும்பத்தோடு வியட்நாம் போய் வந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனை நீட்டி ஒவ்வொரு படமாகக் காட்டினார். குஞ்சு உருவாகிவிட்ட வாத்து முட்டையை அவித்து, ஓட்டை உடைத்து, உள்ளிருக்கும் சாற்றை முதலில் உறிஞ்சிவிட்டு மீதியை உப்பும் மிளகும் தொட்டுத் தின்கிறார்கள். வாத்து ரத்தத்தைச் சமைக்காமல் உறையவிட்டு மேலே வேர்க்கடலை தூவி வைக்கிறார்கள். தியெத் கான் என்று பெயர். மீகாங் ஆற்றுப் பக்கம் தென்னங்குருத்தில் வளரும் தடித்த புழுவை, மிளகாய் போட்ட மீன்சாற்றில் உயிரோடு விட்டு அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். "ஒண்ணு தின்னு பாத்தனுங்க. பாலாட்டம் இருந்துச்சு. ஊர் சுத்தப் போனா எல்லாத்தையும் ருசி பாக்கோணும்" என்றார். எல்லாரும் வாய் பிளந்தோம். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அப்புறம் ஐப்பசி வந்தது. மழைவிட்ட சாயங்காலம் எங்கம்மா புற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, விளக்கு வைத்து, பழஞ்சேலையைக் கூடாரமாகக் கட்டி ஈசல் பிடித்தாள். காயவைத்து, றெக்கை போக முறத்தில் புடைத்து, பொரியும் பொட்டுக்கடலையும் சேர்த்து வறுத்துக் கொடுத்தனுப்பினாள். டப்பாவைத் திறந்தேன். அதே அதிகாரி, "ஏனுங்க, இதையெல்லாமா ஆபீசுக்குக் கொண்டாருவீங்க?" என்று நாற்காலியை அக்கட்டால இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கவனியுங்கள். ஈசல் சேரிக்கு மட்டும் சொந்தமான தீனி இல்லை. கிராமத்தில் எல்லாத் தெருவிலும்தான் தின்றார்கள். அவருடைய அப்பாருகூடத் தின்றிருப்பார். ஆக அவர் விலகி உட்கார்ந்தது ஈசலிடமிருந்து அல்ல, டப்பாவிடமிருந்து. டீக்கடையில் தனி டம்ளர் வைத்த அதே மூளை, பாங்கு ஏ.சி.யில் நாற்காலியை நகர்த்துகிறது. வியட்நாம்காரன் தின்றால் அது அவனுடைய பண்பாடு. நாம் தின்றால் அது நம்முடைய சாதி.

கொங்குச் சமையல் என்று இன்றைக்குப் பெரிய ஓட்டல்களில் விருந்து வைக்கிறார்கள். அரிசிம்பருப்பு, சந்தகை, ஒப்புட்டு, பள்ளிபாளையம் சிக்கன். நல்ல ருசிதான், நானும் தின்பவன்தான். ஆனால் அந்த இலையில் அருந்ததியர் வளவு அடுப்பு எங்கே? ரத்தப் பொரியல் எங்கே? சுவரொட்டி எங்கே? உப்புக்கண்டம் எங்கே? மாட்டுக்கறியை நீளநீளமாக வார்ந்து, உப்பும் மஞ்சளும் பூசி, கயிற்றில் கோத்து வாசலில் காயப்போடுவார்கள். காக்காய்க்கும் நாய்க்கும் காவல் இருப்பது என் வேலை. குச்சியோடு உட்கார்ந்தே பாதிக்கறியைப் பச்சையாகக் கண்ணால் தின்றிருப்பேன். மழைக்காலத்தில் அதைத் தணலில் சுட்டுத் தட்டி, தட்டைப்பயற்றுக் குழம்பில் போட்டால் கம்பஞ்சோறு தானாக இறங்கும்.

ஹனோயில் காலையில் எழுந்ததும் தெருவோரம் உட்கார்ந்து ஜனங்கள் குடிக்கிற ஃபோ, மாட்டெலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு இறக்குகிற சாறு. பிரெஞ்சுக்காரர்கள் கறியை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய எலும்பிலிருந்து பிறந்தது என்று சொல்கிறார்கள். அது இன்று ஒரு தேசத்தின் அடையாளம். நம்முடைய எலும்பும் குடலும் மட்டும் எப்படி இழிவின் அடையாளமாயின?

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு ஆகாதா என்று மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. நம்ம ஊரிலேயே, 2025 ஜனவரியில், உடையாம்பாளையத்தில் தள்ளுவண்டியில் மாட்டுக்கறி உணவு விற்ற தம்பதியை ஒருவர் மிரட்டி, போலீசில் வழக்கானது. விற்றது தெருவோரத்தில்தான். வெளிநாட்டுத் தெருவோரம் இல்லை, அவ்வளவுதான்.

இதுவரை எல்லாரும் கைதட்டுவீர்கள். இனிச் சொல்வதற்குத் தட்டுவீர்களா தெரியாது.

மாட்டுக்கறி நம் பெருமை என்று மேடையில் முழங்குகிறோம். எங்கம்மாயியிடம் இதைச் சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பாள். பண்ணாடி வீட்டு மாடு செத்தால் இழுத்துப் போட வேண்டியது நம்மாட்கள். கூலி என்று தனியாக ஒன்றும் கிடையாது, அந்தக் கறிதான். நோய் வந்து செத்ததா, எத்தனை நேரமாச்சு என்று கேட்க முடியாது, வயிறு கேட்கவிடாது. அம்பேத்கர் 1927இல் மகாடில் செத்த மாட்டுக் கறியை விடுங்கள் என்று நம்மிடம்தான் சொன்னார். 1948இல் தீண்டப்படாதோர் பற்றிய நூலில், தீண்டாமையின் வேரை மாட்டுக்கறி உண்பதோடு இணைத்து ஆராய்ந்தவரும் அவரே. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். விரும்பி வாங்கித் தின்பது வேறு, வேறு வழியில்லாமல் தின்ன வைக்கப்பட்டது வேறு. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி 'எதிர்க்கலாச்சாரம்' என்று பெயர் வைப்பது சோம்பேறித்தனம். நானும் அப்படிக் கவிதை எழுதியவன்தான்.

மராத்தியில் ஷாஹு பட்டோளே 2015இல் ஒரு புத்தகம் போட்டார். அன்னமே பூரண பிரம்மம் என்று சொல்வார்களே, அதைத் திருப்பி 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' என்று தலைப்பு. மராத்வாடா தலித் சமையலை, பக்குவம் உட்பட, அதில் எழுதினார். 2024இல் ஆங்கிலத்திலும் வந்தது. அதைப் பார்த்துத்தான் ஒரு நோட்டு வாங்கி, எங்கம்மா சொல்லச் சொல்ல எழுத ஆரம்பித்தேன். ஈசல் முடிந்தது. சுவரொட்டி முடிந்தது. உப்புக்கண்டத்துக்கு வந்தபோது, அம்மாயி காலத்தில் கறி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சொன்னாள், எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "அதை மட்டும் எழுதாத கண்ணு" என்றாள்.

அந்தப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. அவள் சம்மதிக்காமல் எழுத மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போதெல்லாம் நோட்டை எடுத்துப் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.