சரக்கு வையாத கடை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் வாணிகத்தைப் பற்றிப் பேச எழுந்தால், பழைய நூல்களிலிருந்து நான்கு பாக்களை எடுத்தோதிப் பொருளீட்டலின் மேன்மையைப் புகழ்ந்துவிட்டு அமர்வான் என்று நீங்கள் எண்ணியிருத்தல் கூடும். இன்று யான் பாட்டொன்றும் சொல்லப் போவதில்லை. கணக்குச் சொல்லப் போகின்றேன். என் தமையனார் மகள் சேலத்தில் தன் இல்லத்திலிருந்தபடியே இணையத்தின் வாயிலாகச் சேலை விற்று வருகிறாள். ஈராண்டுகளாக அவளுடைய பொருள் விளக்கங்களைத் திருத்திக் கொடுத்தும், மாதந்தோறும் அவள் கணக்கேட்டைப் பார்த்தும் வருகின்றேன். அவ்வகையால் அறிந்தவற்றையே இங்குக் கூறுவேன்.

நம் காரியதரிசி அவர்கள் என்னை இதுபற்றிப் பேசப் பணித்ததற்குக் காரணம் உண்டு. முதல் இன்றியே மாதம் இலட்சம் ஈட்டலாம் என்னும் விளம்பரத்தைக் கைபேசியிற் கண்டு, நம்மவருட் சிலர் பயிற்சிக் கட்டணமென்று பெருந்தொகை கொடுத்து வருகின்றனர். என்னிடம் பயின்ற இளைஞன் ஒருவன் தாயாரின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து ரூ. 35,000 செலுத்தினான். அவனுக்குக் கிடைத்தவை நாற்பது சிறு காணொளிகள். அவற்றுள் அடங்கிய செய்தி முழுதும் இணையத்தில் விலையின்றிக் கிடைப்பதே. சங்கிலி இன்னும் மீளவில்லை. ஆகவே இத்தொழிலில் மெய் எது, மிகை எது என்பதை நம் குடும்பத்தார் அறிந்துகொள்ளுதல் அவசியமாயிற்று.

டிராப்ஷிப்பிங் என்று வழங்கும் இவ்வாணிகத்தை ‘நேரனுப்பு வாணிகம்’ எனலாம். விற்பவர் தம்மிடம் சரக்கு வைத்திருப்பதில்லை. மொத்த வியாபாரியின் பொருள்களைப் படம் பிடித்துத் தம் இணையக் கடையில் வைப்பார். வாங்குவோர் பணம் செலுத்தியபின், அந்தப் பொருளை மொத்த வியாபாரியிடம் தாம் வாங்க, அவரே பொதியை வாங்கினோர் முகவரிக்கு நேரே அனுப்பிவிடுவார். இரண்டு விலைக்கும் உள்ள வேறுபாடு நடுவிலுள்ளவர்க்கு. ‘இது தரகுதானே?’ என்று கேட்பீராயின், அன்று என்பேன். தரகன் இருவரையும் கூட்டுவித்து விலகிக்கொள்வான். இங்கோ வாங்குபவர் அறிந்த பெயர் உங்கள் பெயர் ஒன்றே. நீங்கள் கண்ணாற் காணாத பொருளுக்கும், கட்டாத பொதிக்கும், பிறர் செய்த தாமதத்திற்கும் நீங்களே விடை சொல்லல் வேண்டும். இத்தொழிலின் இடர்கள் பெரும்பாலும் இவ்வொன்றிலிருந்தே பிறக்கின்றன.

இதற்கு ஒரு வரலாறு சொல்வேன். அமெரிக்க நாட்டில் 1999 ஆம் ஆண்டில் நிக் ஸ்வின்மர்ன் என்பவர் இணையத்திற் காலணி விற்கும் ஜாப்போஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். மக்கள் காலணியைப் போட்டுப் பாராமல் வாங்குவார்களா என்பதே அன்று எல்லோர்க்கும் இருந்த ஐயம். அவர் அருகிலிருந்த கடைக்குச் சென்று காலணிகளைப் படம் பிடித்து இணையத்தில் இட்டார். எவரேனும் கேட்டால் அக்கடையிலேயே விலைகொடுத்து வாங்கி அனுப்பினார். பின்னர்ச் செய்தொழிலாளர்களே நேரே அனுப்பும் முறை அமைந்தது. ஆனால் அவர்களுடைய இருப்புக் கணக்கு நாள்தோறும் மாறும். இணையத்தில் ‘உண்டு’ என்றிருப்பது கிடங்கில் இராது. வாங்கியவர்க்கு வருத்தம் நிறுவனத்தின்மேல். ஆதலால் அப்போது அதனை நடத்திய டோனி ஷே என்பவர், 2003 ஆம் ஆண்டில், விற்பனையிற் கணிசமான பங்கு அவ்வழியே வந்துகொண்டிருந்தும் நேரனுப்பு முறையை நிறுத்திவிட்டார். தம் கிடங்கிலுள்ளதை மட்டுமே விற்பதென்று துணிந்தார். 2009 இல் அமேசான் நிறுவனம் ஜாப்போஸை வாங்கிற்று. நேரனுப்பு முறை தொடங்குவதற்கு எளிய வாயில். அதனுள்ளேயே வாழ்நாள் முழுதும் குடியிருக்க வேண்டுமென்பதில்லை என்பதற்காக இதனைக் கூறினேன்.

நம் நாட்டில் 2015 இல் பெங்களூரில் தோன்றிய மீஷோ இம்முறையைச் சிற்றூர்ப் பெண்களிடம் பரப்பிற்று. அவர்கள் பொருட்படங்களை வாட்ஸ்அப்பில் உறவினர்க்கு அனுப்பித் தம் ஆதாயத்தைச் சேர்த்து விற்றனர். பின்னர் அந்நிறுவனம் வாங்குவோர் நேரே வாங்கும் வழியையும் விரிவாகத் திறந்தபோது, நடுவிலிருந்தவர்களின் இடம் சுருங்கிற்று. சீனத்து அலிஎக்ஸ்பிரஸை நம்பியிருந்தோர்க்கு 2020 நவம்பரில் நம் அரசாங்கம் அச்செயலியைத் தடை செய்ததும் வாயில் அடைந்தது. சீனப் பொருளை அமெரிக்காவிற்கு நேரே அனுப்பி விற்றோர், 800 டாலர் வரையிலான சிறு பொதிகளுக்கிருந்த சுங்க விலக்கு 2025 மே மாதத்தில் நீங்கவே கணக்கைத் திருப்பி எழுதவேண்டியவராயினர். பிறர் மனையிற் கடை வைத்தவர்க்கு மனைக்காரர் மனம் மாறும் நாளும் உண்டு. எனவேதான் நாம் கண்ணுக்கெட்டிய ஊர்ச் சரக்கையே எடுத்தோம். சேலத்தையடுத்த இளம்பிள்ளை சேலைக்குப் பெயர்போனது. பேருந்தேறிச் சென்று கையால் தொட்டுப் பார்த்துத் திரும்பலாம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். இளைஞர்கள் இதனை எழுதிக்கொள்க. ஒரு சேலையின் கொள்முதல் ரூ. 600 என்றும், விற்கும் விலை ரூ. 900 என்றும் வைத்துக்கொள்வோம். ரூ. 300 ஆதாயமென்று மகிழாதீர். அனுப்பும் கூலி ரூ. 80. பணம் பெற்றுத் தருவோர்க்கு ஏறக்குறைய ரூ. 20. விளம்பரத்தின் வழியே ஒருவரை வாங்கச் செய்ய ரூ. 120 செலவாயிற்றென்க. எஞ்சுவது ரூ. 80. இனி, பொதி கண்டு பணம் தரும் முறை ஒன்றுண்டு. நம் பாட்டனார் காலத்து வி.பி.பி. போன்றதே. பத்துப் பொதிகளில் இரண்டை வீட்டார் வாங்க மறுத்துத் திருப்பினால், எட்டில் வந்த ஆதாயம் ரூ. 640. திரும்பியவற்றிற்குப் போகவரக் கூலி 160, விளம்பரம் 120, ஆக ஒன்றிற்கு ரூ. 280, இரண்டிற்கு ரூ. 560. மிச்சம் ரூ. 80 மாத்திரமே! பத்துச் சேலைக்கு உழைத்த உழைப்பிற்கு எண்பது ரூபாய். மறுப்பு இரண்டு மூன்றானாலோ, ஏழின் ஆதாயம் 560, இழப்பு 840, கையிலிருந்து ரூ. 280 போயிற்று. இதுவும் மொத்த வியாபாரி திரும்பிய சேலையை ஏற்றுக்கொண்டால்தான். வரியை இன்னும் சேர்க்கவில்லை.

அதே பத்துச் சேலைகளை விளம்பரமின்றி, முன்பு வாங்கியவர்களும் அவர்கள் சொல்லி வந்தவர்களும் வாங்கினால் எப்படி? ஒன்றிற்கு ரூ. 200 நிற்கும். இரண்டு திரும்பினாலும் 1,600 இல் 320 கழித்து ரூ. 1,280 மிஞ்சும். பயிற்சி விற்போர் விற்றவிலையின் கூட்டுத்தொகையைத்தான் படமெடுத்துக் காட்டுவர், இக்கணக்கைக் காட்டார்.

விளம்பரமே வேண்டாவென்று யான் கூறவில்லை. என் மகள் முறையினள் செய்தது இது. முதல் மூன்று மாதம் ஒரு காசும் விளம்பரத்திற் செலவிடவில்லை. வாட்ஸ்அப் பிஸினஸ் என்னும் விலையற்ற செயலியிற் பொருட்பட்டியல் அமைத்து, அறிந்தவர்களிடம் அனுப்பலாமா என்று கேட்டு, இசைந்தவர்க்கு மட்டும் வாரம் ஒருமுறை அனுப்பினாள். பகல் வெளிச்சத்தில் சேலையை விரித்து, முந்தானை, கரை, உட்புறம் மூன்றும் தெரியச் சிறு காணொளி எடுத்து இன்ஸ்டாகிராமில் இட்டாள். அதன்பின் நாளொன்றுக்கு ரூ. 200 என்று வரம்பு கட்டி, சேலம், ஈரோடு, நாமக்கல் ஆகிய மூன்று மாவட்டத்தார்க்கு மட்டும் தெரியும்படி விளம்பரம் செய்தாள். ஓர் உத்தரவிற்கு ரூ. 120 க்கு மேற் செலவாகும் விளம்பரத்தை நான்காம் நாள் நிறுத்திவிடுவாள். யார், எந்நாளில், எந்த விசேஷத்திற்கு வாங்கினார் என்பதைக் குறித்து வைத்து, மறு ஆண்டு ஆடிக்கும் தீபாவளிக்கும் தைக்கும் முன்னதாக அவர்களுக்கு ஒரு சொல் எழுதுவாள். இதுவே அவளுக்கு நின்ற வருவாய்.

யான் செய்த சிறு பணி பொருள் விளக்கம் எழுதியது. மொத்த வியாபாரிகள் தரும் விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஒரே அச்சாக இருக்கும். நூறு கடைகளில் அதே வாக்கியம், அதே பிழை! நிறத்திற்குத் தமிழிற் சொல்லா இல்லை? அரக்கு, மாந்துளிர், கிளிப்பச்சை, வாடாமல்லி, கத்தரிப்பூ, மயிற்கழுத்து என்றால் நம் பெண்மக்கள் கண்முன் நிறம் வந்து நிற்கும். படத்தில் தெரியும் நிறத்தினும் அச்சொல் பிழையின்றி உணர்த்துவதால், ‘நிறம் வேறு’ என்று திரும்பும் பொதிகள் குறைந்தன. தேடுவோரும் ‘வளைகாப்புச் சேலை’ என்றே தமிழில் தட்டித் தேடுகின்றனர்.

ஓரிடத்தில் எங்களுக்குள் வழக்கு நேர்ந்தது. ‘சாஃப்ட் சில்க்’ என்று வந்த சேலைகளைப் பட்டென்றே எழுதவேண்டுமென்றாள். இப்பெயரில் விற்பவற்றுட் பல தூய பட்டு அல்ல. தூய பட்டிற்கு மத்திய பட்டு வாரியத்தின் துணையோடு 2004 முதல் வழங்கும் ‘சில்க் மார்க்’ என்னும் அடையாளச் சீட்டு உண்டு. சீட்டில்லாததைச் செயற்கைப் பட்டு என்றே எழுது என்றேன். “சித்தப்பா, அப்படி எழுதினால் யார் வாங்குவார்? பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் பட்டென்றுதானே போடுகிறார்கள்?” என்றாள். “அவர்கள் முகவரி எழுதுவதில்லை; நீ எழுதுகிறாயே அம்மா” என்றேன். எழுதினாள். இரண்டு மாதம் விற்பனை தளர்ந்தது உண்மை. திரும்பும் பொதியும் உடன் தளர்ந்தமையால் கையிருப்புக் குறையவில்லை.

மற்றொரு நிகழ்ச்சி. நாகர்கோயிலிலிருந்து ஓர் அம்மையார் மகளின் வளைகாப்பிற்கென்று பச்சைச் சேலை கேட்டுப் பணம் கட்டினார். மொத்த வியாபாரியிடம் அச்சேலை முன்னமே தீர்ந்துவிட்டது. பட்டியலில் மட்டும் இருந்தது. புதிதாக நெய்து வந்து அனுப்ப, விழா முடிந்து மூன்றாம் நாள் பொதி சேர்ந்தது. வியாபாரி, ‘என் கடன் அன்று’ என்று கூறிவிட்டார். என் தமையனார் மகள் முழுப் பணத்தையும் தன் கையிலிருந்து திருப்பினாள். அன்றிலிருந்து ஒரு வழக்கம் கொண்டாள்: விழா நாள் குறித்து வரும் உத்தரவுகளை வியாபாரியிடம் தொலைபேசியில் உறுதி செய்த பின்னரே பணம் பெறுவது, மிகுதியாக விற்கும் ஆறு வகைச் சேலைகளில் ஐந்தைந்து வாங்கித் தன் வீட்டு அலமாரியிலேயே வைப்பது. ஜாப்போஸ்காரர் கோடிக்கணக்கிற் செய்ததை அவள் ஓர் அலமாரியிற் செய்தாள்!

பணத்தைத் திருப்பியது இரக்கத்தால் மட்டும் அன்று. 2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பழுதுற்ற பொருளையோ, சொன்ன தன்மை இல்லாத பொருளையோ, சொன்ன நாளுக்குப்பின் வந்த பொருளையோ திரும்ப ஏற்க மறுத்தல் கூடாது. பெயர், முகவரி, குறை கேட்போர் விவரம் ஆகியவை வெளிப்படையாயிருத்தல் வேண்டும். முறையீட்டைப் பெற்றதாக 48 மணி நேரத்துள் அறிவித்து, ஒரு மாதத்துள் தீர்த்தல் வேண்டும். விற்பவரே வாங்கியவர்போல் நடித்து நற்சான்று எழுதுவதும் தடுக்கப்பட்டுள்ளது. சரக்கு சேவை வரியில், நம் மாநிலத்துள்ளேயே பொருள் விற்போர்க்குப் பதிவின் வரம்பு ஆண்டிற்கு 40 லட்சம். பிற இணையச் சந்தைகளின் வழியே விற்கும் சிறியோர்க்கும், மாநிலத்திற்குள் மட்டும் விற்பின், 2023 அக்டோபர் 1 முதல் இச்சலுகை உண்டு. மாநில எல்லை கடந்து விற்கத் தொடங்கினால் பொதுவாகத் தொகை சிறிதாயினும் பதிவு வேண்டும். அதற்குமுன் கணக்கர் ஒருவரைக் கண்டு கேட்டுக்கொள்க.

முதலே வேண்டாவென்பதும் பொய். மாதிரிக்குச் சில சேலைகள், திரும்பும் பொதிகளுக்குக் கூலி, திருப்பித் தரும் பணம் ஆகியவற்றிற்கு ரூ. 15,000 ஆவது தனியே இருத்தல் வேண்டும். அது கடனாகவோ அடகாகவோ வந்த பணமாக இராதிருப்பது நலம். இல்லாதவர் ஆறு மாதம் சேர்த்துப் பின் தொடங்கலாம். இணையம் எங்கும் ஓடிவிடாது.

வரும் மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் தமையனார் மகள் தன் கணக்கேட்டுடன் சங்கக் கட்டடத்திற்கு வர இசைந்திருக்கிறாள். கற்க விரும்பும் பெண்களும் இளைஞர்களும் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு வருக. கட்டணம் இல்லை. பயிற்சிக்குப் பணம் கட்டவிருப்போர், அதனை அந்த ஞாயிறு வரையில் நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.