தோளில் ஒரு தழும்பு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிறந்த குழந்தையின் இடது தோளில் பி.சி.ஜி. ஊசி போட்ட சில வாரங்களில் சிறு கட்டி எழுந்து புண்ணாகிறது. அதைக் கண்டு அஞ்சி, அடுத்த குழந்தைக்கு அவ்வூசியே வேண்டாம் என மறுத்த தாய் ஒருவரை நான் அறிவேன். அவர் என் இல்லத்தரசியே. அன்று விடை கூற அறியாதிருந்த இக்குமாஸ்தா, பின்னர்ப் படித்தறிந்ததைத் தங்கள்முன் வைக்கிறேன்.

பிரான்சு நாட்டின் லில் நகரில் கால்மெத், கெரான் என்னும் இருவர், மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியை 1908 முதல் மாட்டுப்பித்தம் சேர்த்த உருளைக்கிழங்கில் வளர்த்தனர். மூன்று வாரங்களுக்கு ஒருமுறை புதிய கிழங்கிற்கு மாற்றினர். போரில் அந்நகர் பகைவர் வசமான காலத்தும் பணி நிற்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 230 முறை மாற்றியபின், கிருமி உயிரோடிருந்தது. கொல்லும் வலிமையை இழந்தது. 1921இல் பாரிசில் ஒரு பச்சிளங்குழந்தைக்கு அம்மருந்து முதன்முதலாக வாய்வழியே புகட்டப்பட்டது. உயிருள்ள கிருமியாதலின் உடல் அதனோடு போரிட்டுப் பழகுகிறது. தோளிற் காணும் புண் அப்பயிற்சியின் அடையாளமே; அது தானே ஆறித் தழும்பாகும்.

எனினும், அச்சம் காரணமற்றதன்று. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் எழுபதுக்கும் மேற்பட்ட மழலைகள் இம்மருந்து புகட்டப்பட்டு மாண்டனர். அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் வலிமை குன்றாத கிருமி மருந்தோடு கலந்துவிட்டதே காரணமென விசாரணையிற் புலனாயிற்று. நமது பார்சல் அலுவலகத்தில் சீட்டு மாறினால் மூட்டை வேறூர் போகும், தேடி மீட்கலாம். அம்மழலைகளை மீட்பார் யார்? குற்றம் மருந்தினுடையதன்று, கவனமின்மையுடையது.

இம்மருந்து எல்லாம் வல்லதுமன்று. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பேராய்வு, பெரியோரின் நுரையீரற் காசத்தை இது தடுக்கவில்லை எனக் காட்டியது. ஆயினும், மூளைக்காய்ச்சலாகவும் உடலெங்கும் பரவியும் சிறு குழந்தைகளைக் கொல்லும் காசத்தினின்று இது காக்கிறது.

என் இளைய மகனுக்குப் பத்தாம் மாதத்தில்தான் ஊசி போடுவித்தோம். அதுவரை அவன் காவலின்றி இருந்தான் என எண்ணுகையில் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது. தாய்வீட்டில் பேறு, இங்கே வளர்ப்பு, இடையே இடமாற்றம் என வாழும் நாம், இந்த ஊசி விடுபட இடம் தரலாகாது. பிறந்தவுடன் போடுவதே முறை. தவறினால் ஓராண்டு நிறையுமுன் போடுவிப்போமாக.