முப்பாட்டனின் முழுப்பேர்



மகனுக்கோ மகளுக்கோ பிறந்த பிள்ளைகளைப் பேரன், பேத்தி என்று அழைக்கும் வழக்கு 'பெயரன்', 'பெயர்த்தி' என்பவற்றின் திரிபு என்பதும், பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்க வந்தவர் என்பதே அவற்றின் பொருள் என்பதும் தமிழ் படித்தவர் அனைவரும் அறிந்தவை. பெயரைக் கைமாற்றிக் கொடுப்பதையே உறவுமுறையின் பெயராக்கிக்கொண்ட அந்தச் சமூகத்தில், பாட்டனின் தகப்பன் பெயர் என்ன, பாட்டியின் தாய் பிறந்த ஊர் எது என்று இன்று கேட்டால், வீட்டுக்கு வீடு தலையைச் சொறிவதே விடையாக இருக்கிறது. அமாவாசைத் தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கும் குடும்பங்களிலேயே மூன்றாவது பெயர் வரும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. ஆடி அமாவாசைக்கு இலை போட்டு, பொதுவாக 'முன்னோர்' என்று கும்பிட்டுப் படைக்கும் வீடுகள் பலவற்றில் அந்த மூன்று பெயர்களும் இல்லை.

பெயர் மறந்த இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. வாளேந்திய மன்னனின் படத்துக்குக் கீழே வட்டத்துக்குள் சிரிக்கும் முகங்களை அச்சிட்ட சுவரொட்டிகள் ஊருக்கு ஊர் அறிவிப்பது ஒன்றே: ஒட்டியவர்கள் ஆண்ட பரம்பரையினர். தமிழ்நாட்டில் இன்று சோழனோ பாண்டியனோ பல்லவனோ தன் குலத்தான் என்று சொல்லிக்கொள்ளாத சங்கம் அரிது. அவர்கள் அனைவரும் அரசரின் வாரிசுகள் என்றால், ஏரி வெட்டியவரும் நாற்று நட்டவரும் கோபுரத்துக்குக் கல் சுமந்தவரும் பிள்ளையில்லாமலா செத்துப் போனார்கள்? 'பரன், பரை' என்னும் ஏழாம் தலைமுறை முன்னோரின் பெயரிலிருந்துதான் 'பரம்பரை' பிறந்தது என்று மேடைதோறும் சொல்லிக் கைதட்டு வாங்குவோரும் உண்டு. அது ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்தல் என்னும் பொருளுடைய வடசொல் என்பதைப் பேரகராதியைப் புரட்டினாலே தெரிந்துகொள்ளலாம். இல்லாத ஏழாம் தலைமுறைக்குப் பெயர் சூட்டும் ஊக்கத்தில் பாதியை, இருந்து மறைந்த நான்காம் தலைமுறையைத் தேடுவதில் காட்டியிருந்தால் இந்தக் கூட்டத்துக்கே தேவை இருந்திராது.

குடும்ப வரலாற்று ஆய்வு என்பது உயிரோடிருக்கும் முதியவரிடம் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு சான்று வைத்து, படி படியாகப் பின்னோக்கிச் செல்லும் முறை. மன்னனிடம் தொடங்கி முன்னோக்கி வருவது கதை. சான்று என்றவுடன் சிட்டாவும் அடங்கலும் கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றும், அதாவது நிலம் யாருடையது, அதில் என்ன விளைந்தது, யார் யாருக்கு விற்றார் என்று கூறும் ஏடுகள், முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவை அனைத்தும் நிலத்தின் வரலாறுகள்; நிலம் வைத்திருந்தவனின் பெயர் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததேயன்றி, அந்த நிலத்தில் குனிந்து நிமிர்ந்தவனின் பெயர் அவற்றில் ஏறவில்லை. கோயில் திருவிழாவுக்குக் குடும்பத் தலைவர்களைக் கணக்கிட்டுப் பிரிக்கும் தலைக்கட்டு வரியின் நோட்டுகள் நல்ல சான்றுகளே. எனினும் அவற்றில் பெண் தலையாக எண்ணப்படவில்லை, சேரியும் பெரும்பாலும் எண்ணப்படவில்லை. ஆகவே ஏட்டை மட்டும் நம்பும் ஆய்வு, ஏற்கெனவே நினைக்கப்பட்டவர்களையே மறுபடியும் நினைக்கும்.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகல், ஆகோள் பூசலில், அதாவது மாட்டு மந்தையைக் கவரும் சண்டையில், மாண்ட ஒருவனின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்து நிற்கிறது. 1876 தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரை விட்டு நடந்த ஒரு தாயின் பெயர் நூற்றைம்பது ஆண்டுகூட நிற்கவில்லை என்றால், குறை கல்லிலும் காலத்திலும் இருக்க முடியாது.

அப்படி ஊரை விட்டுக் கூலி வேலைக்குக் கப்பலேறிப் போனவர்களின் நிலை இரு வகைப்பட்டது. அந்த வேறுபாட்டை இந்த அவை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1860 அக்டோபரில் சென்னையில் புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது முதல் 1911 வரை, டர்பன் அமைந்த நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் ஏறிய தமிழரும் தெலுங்கரும் ஆவர். குறித்த ஆண்டுகளுக்கு, குறித்த கூலிக்கு, ஒரே முதலாளியிடம் கட்டுண்டு உழைக்க ஒப்புக்கொண்டதால் அவர்கள் ஒப்பந்தக் கூலிகள் எனப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. எண்ணை அடுத்துப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எனப் பேரேட்டில் கட்டங்கள் நீண்டன. கடைசிக் கட்டங்களில் ஒன்று உடற்குறி: கெண்டைக்காலில் தழும்பு, கன்னத்தில் மச்சம், நெற்றியில் பச்சை என்று எழுத்தர் குறித்துக்கொண்டே போவார். அன்பு மேலிட்டு எவரும் அவற்றைக் குறிக்கவில்லை. ஓடிப்போனவரை அடையாளம் கண்டு பிடிப்பதற்கும் அவை உதவின. பிடிப்பதற்கு எழுதிய தழும்பு இன்று கொள்ளுப்பேத்தி தேடி வருவதற்கு வழிகாட்டுகிறது என்பது அந்த எழுத்தர் எண்ணிப் பார்த்திராத பயன்.

அந்தப் பேரேட்டைப் படிக்கவும் தமிழ்க் காது வேண்டும். கேட்டதைக் கேட்டபடி ஆங்கில எழுத்தில் எழுதியதால் கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். முனுசாமி மூன்சாமி ஆகிப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டார். செங்கல்பட்டு, வட ஆற்காட்டுச் சிற்றூர்களின் பெயர்கள் சிதைந்து கிடக்கும் வரிகளை உரக்கப் படித்துப் பார்த்தால், அந்தத் தாலுகாவில் பிறந்த ஒருவருக்கு ஊர் எதுவென்று சட்டென்று பிடிபடும். தலைமுறைகளாகத் தமிழ் பேசாத டர்பன் குடும்பத்துக்கு அது ஒருக்காலும் பிடிபடாது. இங்கே ஒரு மணி நேர வேலை, அங்கே ஓர் ஆயுள் காலத் தேடல் என்றால், கையைக் கட்டிக்கொண்டிருக்கும் பக்கம் எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கைக்குப் போனவர்களுக்கு அந்தக் கட்டங்களும் கிடைக்கவில்லை. காப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் திரட்டியது கங்காணி முறை: தோட்டத்து ஆளாகிய கங்காணி தன் ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, உறவையும் ஊராரையும் கூட்டிக்கொண்டு போவார். கடல் கடந்து மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்களில் காலராவுக்கும் பசிக்கும் பலியானவர்கள் ஆயிரக்கணக்கானோர் என்பது வரலாறு. அவர்கள் இன்னார் என்பதற்கு ஏடு இல்லை. பின்னாளில் வந்த ஏற்பாட்டில், தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்று தரப்பட்டது. பொட்டலத்தைச் சேர வேண்டிய முகவரிக்கு அனுப்புவதைப் போன்ற ஏற்பாடு அது.

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்னும் சொல்லுக்கே வேறு பொருள் உண்டானது. விடியலில் பிரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நின்று மலையேறிய பெண் அன்று பறித்த கொழுந்து தோட்டம் விதித்த நிறையை எட்டினால் அவளுக்கு ஒரு பேர் விழும், எட்டாவிட்டால் அரைப்பேர். பேர் என்றால் ஒரு நாள் கூலி, அரைப்பேர் என்றால் பாதிக் கூலி. ஆயுள் முழுவதும் நாள்தோறும் பேர் போடப்பட்ட ஒருத்தியின் பெயர் அவளுடைய பேரப் பிள்ளைகளுக்குத் தெரியாமற்போனது, தமிழ்மொழியே நாணத்தக்க முரண்.

இதெல்லாம் ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கு என்போர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தைப் படிக்கட்டும். அந்த நாட்டில் ஏற்கெனவே பிறந்தவர், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டினாலன்றி வம்சாவளிக் குடிமகன் ஆக முடியாது என்றது அது. பிறப்புப் பதிவு சரிவர நடவாத லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள் முப்பாட்டனின் பிறப்புக்குக் காகிதம் காட்ட எங்கே போவார்கள்? 1947 தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு ஏழு உறுப்பினர்களை அனுப்பிய, தோட்டத் தமிழரின் கட்சியாகிய இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு, குடியுரிமையோடு வாக்குரிமையும் போனதால், 1952 தேர்தலில் ஓர் இடமும் இல்லை. முன்னோரின் பெயர் தெரியாமை ஒரு மக்கள் கூட்டத்தின் வாக்குச் சீட்டையே பறிக்கும் கருவியானதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்தச் சட்டமும் தந்தைவழியையே கேட்டது. மலையில் கொழுந்து கொய்து தேயிலையை உலகுக்கு அனுப்பிய தாயும் பாட்டியும் அங்கேயே பிறந்தவர்களாயினும் அதன் கணக்கில் சேரவில்லை.

பிறகு வந்தது 1964 அக்டோபர் 30 ஒப்பந்தம். நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் பிரித்துக்கொண்டனர். எஞ்சியவர்களையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக எடுத்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று அரசு பெயரிட்டது. அவர்களில் சிலர் பாட்டன் வாய்வழி சொல்லிவிட்டுப் போன ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு திருச்சி, புதுக்கோட்டை, சேலத்துச் சிற்றூர்களுக்குப் போய் நின்றபோது, 'சிலோன்காரன்' என்ற சொல்தான் பெரும்பாலும் வரவேற்றது. உறவு சொல்லி வந்தவன் பங்கு கேட்பானோ என்னும் அச்சம் பல வீடுகளின் நினைவாற்றலை அன்றைக்கு மழுங்கடித்தது. மறதியிலும் சொத்துக் கணக்கு உண்டு.

முன்னோரைத் தோண்டினால் சாதிதானே வெளிவரும் என்று முற்போக்கு அணியினர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்த அச்சம் நியாயமானது. ஆயினும் கப்பல் பேரேட்டின் சாதிக் கட்டம் அவர்கள் நினைப்பதைவிடச் சுவையானது. கப்பலேறுவதற்கு முன் காத்திருந்த கூலிக் கிடங்கில், யாரும் அறியாத எழுத்தர் முன்னால், பிறந்த சாதியை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னவர்கள் உண்டு. பெயரை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. அந்தப் பொய்யைச் சாதிச் சங்கத்தார் குற்றமாகப் பார்க்கலாம். அறிவுடைய ஆய்வாளர், தன்னைத் தானே புதிதாக எழுதிக்கொள்ள ஒருவனுக்குக் கிடைத்த ஒரேயொரு நிமிடமாக அதைப் படிப்பார். முறையாகச் செய்யப்படும் குடும்ப வரலாறு தூய குருதி என்னும் பேச்சை நிலைக்க விடாது. கலப்பு மணத்தையும் தத்தெடுப்பையும் ஓட்டத்தையும், ஏட்டில் எழுதப்படாத பெண்களையும் அது வெளிக்கொண்டு வரும். ஆண்ட பரம்பரைக்காரர்கள் அதை அண்ட விடாததற்கும் காரணம் அதுவே.

ஆகவே இந்த மேடையின் கோரிக்கைகள் எளியவை. நேட்டால், மொரிஷியஸ், ஃபிஜி ஆகிய இடங்களின் குடியேற்றப் பதிவேடுகளில் தமிழ் ஜில்லாக்களுக்குரிய வரிகளைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து, தாலுகா வாரியாகப் பிரித்து, உரிய ஊராட்சிகளுக்கு அரசு அனுப்ப வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் குடிநீருக்கும் சாலைக்கும் தீர்மானம் போட்ட பிறகு, அந்த ஊரிலிருந்து கப்பலேறியவர்களின் பெயர்களை ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும்; அந்த ஊர்க் காது அப்போதுதான் வேலை செய்யும். அத்தகைய பதிவேடு இல்லாத இலங்கைப் பயணத்துக்கு முதியவர் வாய்மொழியும், ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய்த் தோட்டத்தில் நட்டு வைத்த குலதெய்வத்தின் பெயருமே சான்று. ஊர் மறந்தவர்களும் சாமியை மறக்கவில்லையாதலால், அந்தச் சாமியின் மூலக் கோயில் எங்கே இருக்கிறது என்று தேடுவது ஊரைக் கண்டுபிடிக்கும் நேர்வழி.

அதுவரை காத்திராமல் இந்த மண்டபத்தின் வாயிலில் ஒரு நோட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முதல் கட்டம் தாயைப் பெற்ற பாட்டியின் பெயர். அடுத்தது அந்தப் பாட்டியின் தாயின் பெயர். மூன்றாவது அவர் பிறந்த ஊர். தகப்பன்வழிக் கட்டங்கள் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. பெயர் தெரியாதவர்கள் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போகாமல், 'தெரியாது' என்று தங்கள் கையாலேயே எழுதிவிட்டுப் போகுமாறு விழாக் குழுவினர் கேட்டுக்கொள்கின்றனர்.