படிக்காத புத்தகங்கள் 43
(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியது)

புத்தகக் கண்காட்சியில் பை நிறைய வாங்கி வந்திருப்பீர்கள். என் வீட்டில் படிக்காதவை மட்டும் 43. போன ஜனவரியில் 'இந்த வருஷம் 24' என்று காலண்டரில் எழுதினேன். முடித்தது நாலு, அதிலும் இரண்டு மெலிசு.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்தது. என் மாமியார் வாரம் வந்ததை அந்த வாரமே படித்தவர். கணக்கெல்லாம் கிடையாது. என் வீட்டுக்காரர் ஐந்து பாகமும் வாங்கினார்; பிரிக்காமலே போய்விட்டார். இப்போது தினம் ராத்திரி பத்துப் பக்கம் படிக்கிறேன். மூன்றாம் பாகம். மார்ச்சில் கண்புரை ஆபரேஷன், அதற்குள் இதாவது முடியணும்.

இனி படிக்கவே மாட்டேன் என்று தெரிந்த 18 புத்தகங்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். முதல் மாடிதான், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.